வெள்ளவத்தையில் அறை, கொட்டாஞ்சேனையில் ரொட்டி

2025 ஜூன் 6, வெள்ளி – வெள்ளவத்தை

கொழும்பில் முதல் நாள் பாதி அறை தேடுவதிலேயே போய்விட்டது. நானும் என் துணைவியும் சென்னையில் குடும்பமாக வாழ்கிற இரண்டு பெண்கள். நகரத்தின் நடுவில் ஒரு ஹோட்டலில், பெரிய கட்டில் போட்ட அறைக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். வரவேற்பில் இருந்தவர் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கட்டில் இருக்கிற ரூம் தாறன், உங்களுக்கு அதுதான் வசதி" என்றார். எங்களுக்கு எது வசதி என்பதைச் சொன்னோம். சிரித்த முகம் மாறாமல் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளரும் அதே சிரிப்போடு அதையே சொன்னார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இவ்வளவு பணிவாக மறுப்பவர்களிடம் என்ன செய்வது? பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கட்டிய பணத்தில் பாதி திரும்பக் கிடைத்தது. வாசலில் தென்மேற்குப் பருவமழை காத்திருந்தது.

ரொம்ப நாளாகப் பேசிப் பழகிய தங்கை ஒருத்தி கொழும்பில் சட்டம் படிக்கிறாள். ஊர் மட்டக்களப்பு. அவளுக்கு போன் போட்டதும், "ஏன் அங்க நிக்கிறீங்க? வெள்ளவத்தைக்கு வாங்கோ" என்றாள். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியை வாடகைக்கு விடும் ஓர் ஆன்ட்டியின் வீட்டைக் காட்டினாள். ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயதிருக்கும். "சகோதரங்களோ?" என்று கேட்டார். என் துணைவி நேராகவே சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி, நாங்க ஒண்ணா வாழுறோம்." ஆன்ட்டி கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஒரு திறப்பு போதுமோ, ரெண்டு வேணுமோ?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்ன புரிந்துகொண்டார் என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. ஆனால் இரவு ஒரு பிளாஸ்க்கில் தேநீரும், துணி காயப்போட ஒரு கொடிக்கயிறும் மேலே வந்தன.

இரவுச் சாப்பாடு காலி வீதியில் ஒரு சைவக் கடையில். கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய வடையும் றோல்ஸும் கொண்டுவந்து வைக்கிறார்கள். தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குகிறார்கள். எண்ணும்போது நம்மிடம்தான் கேட்கிறார்கள், நாம் சொல்வதுதான் கணக்கு. ஆளுக்கு ஒரு தோசை, இரண்டு வடை, தேநீர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. நம் நூறு ரூபாய்க்கு அங்கே அப்போது ஏறக்குறைய 350 ரூபாய் வந்தது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஜூன் 7, சனி – கறுவாத்தோட்டம், பிறகு இரவு

ஹஜ்ஜுப் பெருநாள். கொத்து ரொட்டி போடும் கடைகள் பல மூடியிருந்தன. அந்தக் கவலை ஆன்ட்டியின் பக்கத்து வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தில் தீர்ந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த இனிப்பு. காலைச் சாப்பாடே அதுதான்.

பகலில் இரண்டு மனிதர்களின் தடம் தேடிப் போனோம். முதலில் லயனல் வென்ட் அரங்கம். வென்ட் 1900-இல் பிறந்து 1944-இல் இறந்த புகைப்படக் கலைஞர், பியானோக் கலைஞர். இலங்கை ஓவியத்தின் போக்கையே மாற்றிய '43 குழு' அவரைச் சுற்றித்தான் உருவானது. இலங்கை ஆண்களின் உடலை அவ்வளவு காதலோடு படமெடுத்தவர் அவருக்கு முன் யாருமில்லை. அவர் வீடு இருந்த இடத்திலேயே 1953-இல் அரங்கம் திறந்தது. உள்ளே ஏதோ பள்ளிக்கூட நாடக ஒத்திகை. கிரீடம் வைத்த ஒரு பையன் படியில் உட்கார்ந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

அடுத்தது பாகதலே வீதிப் பக்கம், 33-ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு. முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக இணைத்திருக்கிறார். எங்கே திரும்பினாலும் ஒரு சின்ன முற்றம் திறக்கிறது, மழை வீட்டுக்குள்ளேயே பெய்கிறது. பாவா ஆண்களை நேசித்தவர் என்பது கொழும்பு அறிந்த செய்தி. 1982-இல் திறந்த இலங்கையின் இப்போதைய நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் அவர்தான்.

அந்த முற்றத்தில் நின்றபோது சட்டம் படிக்கும் தங்கை சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883-இல் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்தது. அதன் 365, 365ஏ பிரிவுகள்தான் தன்பாலீர்ப்பைக் குற்றமாக்குகின்றன. 365ஏ முதலில் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசியது. 1995-இல் அதைத் திருத்தினார்கள். நீக்குவதற்காக இல்லை, பெண்களையும் உள்ளே சேர்ப்பதற்காக. இரண்டு ஆண்டுகள் வரை சிறை. "அந்தத் திருத்தம் நிறைவேறினது எங்க? இவர் கட்டின கட்டடத்துக்குள்ள" என்றாள். பாவா அப்போது உயிரோடு இருந்தார், இறந்தது 2003-இல். நான் அந்த வீட்டை விட்டு வந்த பிறகும் வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு. கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்கென்று பலகை மாட்டிய மதுக்கூடம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. விருந்து எங்கே என்பது தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவருக்குப் போகிறது. எங்களுக்கு விலாசம் இரவு எட்டரைக்குத்தான் வந்தது. அதையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கூடவே ஒரு குறிப்பு. இடத்தின் பெயரை நானும் எழுதப் போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். நுழைவு ஆளுக்கு 3,000 ரூபாய். வாசலில் ஒரு பெண் போன் கேமரா மேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, "போகும்போது எடுத்திரலாம் அக்கா" என்றார். வந்தவர்கள் பலருக்கு அலுவலகத்தில் தெரியாது, வீட்டில் தெரியாது. ஒரு படம் வெளியே போனால் வேலை போகும், சில வீடுகளில் அதைவிட மோசமாகவும் நடக்கும்.

உள்ளே போனதும் அந்த பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இலங்கையின் துள்ளல் பாட்டான பைலா போட்டார்கள். பைலாவுக்கு ஆடத் தெரிய வேண்டியதில்லை, இடுப்பு தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். தங்கச் சரிகை போட்ட கண்டிச் சேலையான ஒசரி கட்டி, பெண் வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர் ஒருவர் மணப்பெண்ணாக நடித்தார். முதலில் கண்ணைத் துடைத்து, பிறகு பூச்செண்டைத் தூக்கி எறிந்து, கடைசியில் நாற்காலி மேல் ஏறி ஆடி முடித்தபோது சபையே எழுந்து நின்றது. என் துணைவி அழுதாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தின்பதற்குக் காரமாகப் பிரட்டிய 'டெவில்' கோழியும் வறுத்த கடலையும். குடிப்பவர்களுக்குத் தென்னஞ்சாராயத்தில் இஞ்சி பியர் கலந்து 900 ரூபாய்.

அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழ் வரவில்லை. எனக்கு அது உறுத்தியது. கொழும்பில் தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கிறது, இந்த அறையில் மட்டும் ஏன் இல்லை? தங்கை என்னைப் பின்பக்கம் சமையலறை வாசலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஏழெட்டுப் பேர், எல்லாம் தமிழ். ஹட்டன், திருகோணமலை, யாழ்ப்பாணம், கொட்டாஞ்சேனை. அட்டகாசமான சிரிப்பு. "நாங்கள் எப்பவும் இங்கதான் நிக்கிறது, காத்து வரும்" என்றார் ஒரு தம்பி. அவர் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர், ஒவ்வொரு தடவையும் ஒரு கல்யாணப் பேச்சு. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறும் முன் தோட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவதாகச் சொன்னார். தோடு அழகான சின்ன நீலக்கல். காற்று வருவது உண்மைதான். ஆனால் அவர்கள் நடு அறையில் நிற்க வேண்டியவர்கள் என்பதே என் எண்ணம். ஒலிவாங்கியில் தமிழில் ஒரு "வணக்கம்" சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சமாளிக்கவில்லை. "சரி, அடுத்த முறை உங்கட தங்கச்சியையே பேச வைக்கிறம்" என்றார். தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு – காலிமுகத்திடல்

மதியம்வரை தூக்கம். மாலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே சில இடங்களில் பாறை மட்டும்தான். அலை உடைந்து சாரல் பெட்டிக்குள் அடிக்க, வாசலில் தொங்கியவர்கள் சந்தோஷமாகக் கத்தினார்கள். என் செருப்பு வார் அறுந்தது. கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் நடைபாதையில் தைப்பவர் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு, மற்றச் செருப்பையும் கேட்காமலே தைத்துக் கொடுத்தார்.

காலிமுகத்திடலில் இறால் வடை. பருப்பு வடை மேல் முழு இறால்களைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் காரச் சாறும் ஊற்றித் தருகிறார்கள். ஒன்று 200 ரூபாய், இரண்டாவது வாங்காமல் நகர முடியாது. கடற்சுவர் ஓரம் குடைக்குள் காதலர்கள். மழைக்கும் குடை, ஊருக்கும் குடை. நாங்களும் எங்கள் குடையை விரித்து உட்கார்ந்தோம். இரண்டு பெண்கள் ஒரு குடைக்குள் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்துக் குடையில் இருந்த ஆணும் பெண்ணும்தான் போலீஸ்காரர் வரும்போதெல்லாம் விலகி விலகி உட்கார்ந்தார்கள்.

2022-இல் மக்கள் போராட்டம் நடந்தது இந்தத் திடலில்தான். தங்கை அப்போது பள்ளி முடித்திருந்தாள், பல நாட்கள் இங்கேயே கிடந்திருக்கிறாள். மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவுக்காக இங்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் பால்புதுமையினரின் சுயமரியாதை ஊர்வலமும் இதே இடத்துக்கு வந்தது. "கஞ்சி குடிச்ச அண்ணைமார் சிலர் அந்த ஊர்வலத்துக்குத் தண்ணிப் போத்தல் குடுத்தவை. நான் ரெண்டிலயும் நிண்டன்" என்றாள். தமிழச்சியாகவும் பெண்ணை நேசிக்கும் பெண்ணாகவும் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது அவளுக்கு அப்போதுதானாம்.

அதற்குப் பிறகு? 2023-இல் 365, 365ஏ பிரிவுகளைத் திருத்த அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. மசோதா சட்டமாகவில்லை, 2024-இல் நாடாளுமன்றமே கலைந்தது. அதற்கு முன்பே, 2022-இல், ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 365ஏ பெண்களின் உரிமையை மீறுகிறது என்று முடிவு சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் 2004-இல் 'ஈக்வல் கிரவுண்ட்' அமைப்பைத் தொடங்கிய ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலுறவு குற்றமில்லை என்று 377-ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு வந்தபோது நாங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். இங்கே இவர்கள் பாயசத்துக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். கோபமாக இருக்கிறது, வேறெப்படி எழுதுவது?

ஜூன் 9, திங்கள் – கொட்டாஞ்சேனை

இந்தப் பயணத்தில் இந்த மாலை ஒன்றே எனக்குப் போதும்.

சனி இரவு சமையலறை வாசலில் நின்றவர்களில் ஒரு திருநங்கை அக்கா, "திங்கக்கெழம வீட்டுக்கு வாங்க, ரொட்டி சுடுவேன்" என்று கூப்பிட்டிருந்தார். மலையகத்துக்காரர், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர், பேச்சு கிட்டத்தட்ட எங்கள் ஊர்ப் பேச்சு. சாரிக்கு பிளவுஸ் தைக்கிறார். செட்டியார் தெருவில் நகை எடுக்க வரும் கல்யாண வீட்டார் பலர் அவர் வாடிக்கையாம். ஒற்றை அறை வீடு, தையல் மெஷின், சுவரில் புனித அந்தோனியார் படம், பக்கத்தில் முருகன்.

ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் இளையவர்கள், பாதிப்பேர் வீட்டை விட்டு வந்தவர்கள். தட்டு அவரவர் கொண்டுவர வேண்டும், அது அக்காவின் சட்டம். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தடிமனாகத் தட்டி, இரும்புச் சட்டியில் சுடுகிறார். அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், நெத்தலிக் கருவாடு போட்ட பருப்பு. காரத்தில் காது சுட்டது. நாலாவது ரொட்டியை வேண்டாம் என்றதற்கு, "சென்னையில சோறு போட மாட்டாங்களா ஒனக்கு?" என்று தட்டில் போட்டுவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பர்ஸிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். பெண் பெயர், பெண் பால், அவருடைய இன்றைய முகம். 2016-இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி மனநல மருத்துவரிடம் போய், சிகிச்சை முடித்து, பாலின அங்கீகாரச் சான்றிதழ் வாங்கினால் பிறப்புச் சான்றிதழை மாற்றலாம், அதன் பிறகு அடையாள அட்டை. அக்கா இதற்காக அலைந்ததை ஒரு மணி நேரம் சொன்னார். படிவங்கள் சிங்களத்தில், கேள்விகள் சிங்களத்தில். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர் ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டுக் கூட வந்திருக்கிறார்.

அதற்கு முந்தைய காலத்தைக் கேட்டேன். போர் நடந்த ஆண்டுகள். கொழும்பில் தமிழர்கள் போலீஸில் பதிந்திருக்க வேண்டும், மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. அட்டையில் ஆண் பெயர், ஆண் படம், நிற்பதோ சேலை கட்டிய பெண். ஆள்மாறாட்டம் என்று ஒரு பிரிவு, அலைந்து திரிபவர்கள் என்று வெள்ளைக்காரன் காலத்து இன்னொரு சட்டம், இரண்டையும் காட்டி மிரட்டுவார்களாம். "அட்டையை நீட்டுனா ரெண்டு கேள்வி. நீ புலியா? நீ ஆம்பளையா? எதுக்கு மொதல்ல பதில் சொல்றது?" அறையில் சின்னவர்கள் எல்லோரும் இந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் போல, ஒரு பெண் எழுந்துபோய் அக்காவின் தோளைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். அக்கா, "அந்தப் பக்கம் இல்லடி, எடது பக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார்.

என்னை அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க திருநங்கைகளுக்கு நலவாரியம் இருக்காமே, உண்மையா?" இருக்கிறது, தமிழ்நாட்டில் 2008-லேயே அமைத்தார்கள் என்றேன். அதில் என்ன கிடைக்கும், யார் விண்ணப்பிக்கலாம், வீட்டுமனை தருவார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஒரு தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான்.

திரும்பும்போது சாராயக் கடை வாசலில் நீண்ட வரிசை, மறுநாள் போயா, அதாவது மதுக்கடை திறக்காத பௌர்ணமி விடுமுறை. வரிசையில் ஆண்கள் மட்டும். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979-இல் போட்ட விதி நாங்கள் போனபோதும் இருந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். நட்சத்திர ஹோட்டல்களில் இதை யாரும் பார்ப்பதில்லையாம். கொட்டாஞ்சேனையில் பார்க்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய் – பொசன் போயா

மகிந்த தேரர் பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த நாள். மதுக்கடை, இறைச்சிக்கடை எதுவும் இல்லை, இரவு விருந்தும் இல்லை. பகலில் அக்காவோடு கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலுக்குப் போனோம், செவ்வாய் அங்கே விசேஷம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்து, மீண்டும் எழுந்த கோயில். வாசலில் பையைச் சோதித்த பெண் காவலர் அக்காவைப் பெண்கள் வரிசையிலேயே அனுப்பினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து ஒருதரம் கண்ணைச் சிமிட்டினார்.

இரவில் நகரமெல்லாம் காகித விளக்குக் கூடுகள், மின்விளக்குத் தோரணங்கள், தெருவெங்கும் தன்சல். யார் வந்தாலும் இலவசமாகச் சாப்பாடு, கை காட்டி வண்டிகளை நிறுத்திக் கூப்பிடுகிறார்கள். ஓர் இடத்தில் சோறு, ஓர் இடத்தில் ஐஸ்கிரீம், இன்னோர் இடத்தில் அவித்த மரவள்ளியும் சம்பலும். சனிக்கிழமைத் தம்பியும் வந்திருந்தார், காதில் நீலக்கல் தோடு. தன்சலில் பரிமாறிய வெள்ளுடைப் பையன் அதைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். நாங்கள் எல்லோரும் ஒரு கணம் விறைத்துவிட்டோம். எங்கே வாங்கியது என்றுதான் கேட்டானாம், அவன் தங்கைக்கு வேண்டுமாம். தம்பி கடைப் பெயரைச் சொல்லி, விலை பேசும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கிழங்குத் தட்டோடு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். த்ரீவீல்காரர் வெள்ளவத்தைக்கு 2,000 கேட்டார். அக்கா முதலில் சிங்களத்தில் 900 என்றார், அவர் தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு மாறி, எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்து, கடைசியில் 1,100-க்கு ஒப்புக்கொள்ள வைத்தார். ஏறும்போது ஒரு பொட்டலம் ரொட்டியை என் துணைவி மடியில் வைத்து, "ஆடிவேல் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வந்துருங்க, அந்த வாரம் தையல் அதிகம், கொக்கி தைக்க ஆள் வேணும்" என்றார். என் துணைவிக்கு ஊசி பிடிக்கத் தெரியும், எனக்குத்தான் இனிக் கற்றுக்கொள்ள வேண்டும்.